எம்ஜி மிட்ஜெட்டின் எடையைக் குறைப்பது: எதைக் கழற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

வெள்ளவத்தை1275:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1970 எம்ஜி மிட்ஜெட் ஒன்று இருக்கிறது, இரண்டு பேர் உட்காரும் சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். 1275 சிசி, இரட்டை எஸ்யு கார்பரேட்டர், குரோம் பம்பர், சாதாரண இரும்புச் சில்லு. பெரியப்பாவின் கார். அவர் கனடாவுக்குப் போனபோது விற்க மனமில்லாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். இஞ்சினும் கியர் பொக்ஸும் நல்ல நிலையில் இருக்கின்றன, அடித்தட்டில் இரண்டு இடத்தில் துரு தெரிகிறது, மற்றபடி ஞாயிறு காலைகளில் மரீன் டிரைவில் ஓட்டுவதோடு சரி.

இந்தக் காரை நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பிறகு முடிந்தால் கட்டுகுருந்த பந்தயத் தடத்திலும் ஓட்டிப் பார்க்கலாம். பரிசு வாங்கும் எண்ணம் இல்லை, ஆனால் போவதென்றால் ஒழுங்காகத் தயார் செய்துதான் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கராஜில் கேட்டபோது, டிக்கியின் அடித்தகடு, கதவுகளின் உள்தகடு, பொனட்டின் உள்சட்டம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் தகட்டில் ட்ரில்லால் துளை போட்டுத் தருகிறோம், 100 கிலோ குறைந்துவிடும் என்றார்கள். நண்பன் ஒருவன் எடையை விட்டுவிடு, அந்தக் காசை இஞ்சினில் போடு, கேம் ஷாஃப்ட்டை மாற்று என்கிறான்.

எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. கார் போட்டிக்குப் பிறகும் வீதியில் ஓட வேண்டும், பெரியப்பா ஊருக்கு வந்தால் அவர் விட்டுப்போன கார் அப்படியே இருக்க வேண்டும். வெட்டாமல் எவ்வளவு குறைக்கலாம்? குறைத்தால் உண்மையிலேயே பலன் தெரியுமா? எங்கே தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நாலாம்குறுக்கு:

தம்பி, முதலில் அந்தக் கராஜுக்குக் காரைக் கொண்டுபோக வேண்டாம். இரண்டாவது, ஒரு ஸ்பேனர்கூட எடுப்பதற்கு முன்னால் தராசு ஒன்றைப் பிடியுங்கள். எடை குறைப்பதில் எல்லோரும் ஊகத்தில்தான் வேலை செய்கிறார்கள், நூறு கிலோ போய்விட்டது என்பார்கள், நிறுத்துப் பார்த்தால் முப்பது இருக்கும். லொறி நிறுக்கிற வே பிரிட்ஜ் இதற்குச் சரிவராது, அது பத்து, இருபது கிலோ படியில்தான் காட்டும். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, சீனி மூட்டை நிறுக்கிற பிளாட்ஃபார்ம் தராசு இருக்கிறதே, 300 கிலோ வரை தாங்கும், அது போதும். தெரிந்த கடைக்காரரிடம் கேட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தருவார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் அதில் வைத்து, கொப்பி ஒன்றில் எழுதுங்கள், எழுதிய பிறகு பொருளில் சீட்டு ஒட்டிப் பத்திரமாக வையுங்கள். பெரியப்பா வந்தால் ஒரு நாளில் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டலாம்.

மிட்ஜெட் ஏற்கெனவே இலேசான கார், 700 கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். அதனால்தான் இதில் ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு அதிகம். நீங்கள் 75 கிலோ என்று வைப்போம், மொத்தம் 775. அந்த இஞ்சின் புதிதில் 65 குதிரைவலு. இதிலிருந்து 70 கிலோ எடுத்தால் அதே 65 குதிரைவலுவிலேயே கார் 71 குதிரைவலு உள்ள கார் மாதிரி இழுக்கும். அந்த ஆறு குதிரைவலுவை இஞ்சினிலிருந்து எடுக்கப் போனால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், கேம் மாற்ற வேண்டும், கார்பரேட்டர் ஊசி மாற்ற வேண்டும், அப்புறம் கொழும்பு டிரஃபிக்கில் ஐடிலிங் நிற்காது.

இன்னொன்று, உங்கள் நண்பர் இதை யோசித்திருக்க மாட்டார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். டேர்போ இல்லாத இஞ்சின் எதுவானாலும் அந்த விகிதத்தில் வலுவை இழக்கும், உங்கள் 65 அங்கே 54 ஆகிவிடும். இஞ்சினுக்கு என்ன செலவு செய்தாலும் அதில் ஆறில் ஒரு பங்கை மலை எடுத்துக்கொள்ளும். கழற்றிய எடை அப்படி இல்லை, அது எந்த உயரத்திலும் கழற்றியதுதான். அதிலும் ஏற்றத்தில் காரின் எடையை நேராகப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்குகிறீர்கள், சமதரையைவிட அங்கே எடை இரண்டு வழியில் தடுக்கும். 1934 இலிருந்து மகாகஸ்தோட்டையில் ஓடுகிறார்கள், சின்னக் கார்கள் அங்கே பெரிய கார்களுக்குச் சமமாக ஓடுவதற்கு எடைதான் முதல் காரணம்.

எங்கே தொடங்குவது என்றால், ஸ்பனரால் கழற்றக்கூடியவற்றில். ஸ்பெயார் சில்லு, ஜாக், டூல்ஸ். ஹூட்டும், அதாவது மடக்குகிற துணிக் கூரையும், அதன் சட்டமும். இரண்டு பம்பரும் அவற்றின் தாங்கிகளும், அதைக் கழற்றும்போதுதான் தெரியும் குரோம் தகட்டைவிடப் பின்னாலிருக்கும் இரும்பு கனம் என்று. பக்கத்து சீட். கார்ப்பெட், அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட், கொழும்புக் காற்றில் அது எப்போதும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், எடுத்தால் எடையும் குறையும், உங்கள் அடித்தட்டுத் துரு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். ஹீட்டர் இந்த ஊரில் எதற்கு? பெட்டியோடு எடுத்துவிடலாம், தண்ணீர்க் குழாயை மட்டும் ஒழுங்காக மூடிவிட வேண்டும். நுவரெலியா பனியில் முன்கண்ணாடி மங்குமே என்று சிலர் கேட்பார்கள், ஹூட் இல்லாத காரில் அந்தப் பிரச்சினை வராது.

பெற்றோலை எல்லோரும் மறப்பார்கள். ஒரு லீற்றர் முக்கால் கிலோ. டாங்கி நிறைய அடித்துக்கொண்டு போனால் 20 கிலோ சும்மா மேலே ஏற்றுகிறீர்கள், மலையேற்றத்துக்கு அதில் கால்வாசியே தாராளம். அதற்காகக் காலியாகவும் ஓட்டக் கூடாது, கூர்மையான வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி இஞ்சின் இருமும்.


பஞ்சிகாவத்தை_பழசு:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. வெட்டுவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

மிட்ஜெட்டுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. இரும்புக் கூரையும் கிடையாது. ஆகவே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள் இரண்டும், நடுவில் கியர் பொக்ஸ் மேல் வரும் சுரங்கமும், அடித்தட்டும்தான். டிக்கியின் அடித்தகடு அந்தக் கட்டமைப்பில் ஒரு பகுதி. அதை வெட்டினால் நாலு கிலோ குறையும், ஆனால் காரின் பின்பக்கம் முறுக்கத் தொடங்கும், முறுக்குகிற காரில் ஸ்பிரிங்கும் ஷொக்கும் என்ன செய்தாலும் சில்லு நிலத்தைப் பிடிக்காது. இலேசான கார் மெதுவாக ஓடுவது அப்படித்தான்.

எம்ஜி தொழிற்சாலையே இதைச் செய்து காட்டியிருக்கிறது. 1962 இல் டிக் ஜேக்கப்ஸ் என்ற ரேஸ்காரருக்காக எம்ஜியின் பொறியியலாளர் சிட் எனவர் மிட்ஜெட்டை வைத்து இலேசான ரேஸ் கூபே கட்டிக்கொடுத்தார். மேல்உடம்பு முழுக்க அலுமினியம். ஆனால் அடித்தளத்தை இரும்பிலேயே விட்டார்கள், அது போதாதென்று மேலே கூரையும் போட்டார்கள். தொழிற்சாலையில் எல்லா வசதியும் இருந்தவர்களே அடித்தளத்தில் கை வைக்காதபோது பின்வீதிக் கராஜில் ட்ரில்லோடு நிற்பவர் கை வைக்கலாமா?

முதல் வேலை துரு. ஃபெல்ட்டை எடுத்ததும் சில் பெட்டியின் அடியை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மந்தமாகும் இடத்தில் உள்ளே உக்கியிருக்கும். பின் இலை ஸ்பிரிங்கின் முன்நுனி பூட்டும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள், மிட்ஜெட்டில் அது பேர்போன துரு இடம், அது விட்டுப்போனால் பின் அக்சில் ஒரு பக்கம் திரும்பிவிடும். இன்னொரு சோதனை: கதவுக்கும் பின் மட்காட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்துகொண்டு, காரை ஒரு பக்கம் ஜாக்கில் தூக்கி மறுபடி அளங்கள். இடைவெளி குறைகிறதென்றால் எடை குறைக்கும் பேச்சே வேண்டாம், முதலில் சில் மாற்ற வேண்டும். அதற்கு டிங்கரிங் பாஸ் ஒருவரைத் தேடும்போது, புட்டி பூசாமல் தகடு வெட்டி வெல்ட் பண்ணுகிறவராகத் தேடுங்கள். சில் வெட்டும்போது கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி பூட்டாமல் வேலை தொடங்குகிறவரிடம் விடவே கூடாது.

கடைசியாக ஒன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள், திறந்த பிறகும் வயதெல்லை இருக்கிறது. 1970 மிட்ஜெட்டின் கூடு ஒன்றை வெளியிலிருந்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த நாட்டில் இருப்பவைதான் இருக்கின்றன, ஒன்றை வெட்டினால் ஒன்று குறைகிறது. பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் காருக்கு எதுவும் கிடைக்கும், மிட்ஜெட்டின் கதவுத் தகடு கிடைக்காது.


வெள்ளவத்தை1275:

இரண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. கராஜுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தராசு கிடைத்தது. முதலில் கழற்றியவற்றைச் சொல்கிறேன்: ஸ்பெயார் சில்லும் ஜாக்கும் டூல்ஸும் 17 கிலோ, இரண்டு பம்பரும் தாங்கிகளோடு 15, பக்கத்து சீட் 12, ஹூட்டும் சட்டமும் 11, கார்ப்பெட்டும் ஃபெல்ட்டும் 9, ஹீட்டர் 6. ஆகமொத்தம் சரியாக 70. ஒரு இடத்திலும் வெட்டவில்லை. கதவு இடைவெளிச் சோதனையும் செய்தேன், இரண்டு பக்கமும் அசைவு இல்லை, அடித்தட்டில் இருக்கும் துருவுக்கு மட்டும் தகடு போட வேண்டும்.

இப்போது அடுத்த கேள்விகள். பொனட்டை ஃபைபரில் செய்வது பிரயோசனமா? பழைய பொனட்டைத் தொடாமல் பக்கத்தில் வைத்துவிடலாம் அல்லவா. பிளைவீலை, அதாவது இஞ்சினின் பின்னால் சுழலும் கனமான இரும்புத் தட்டை, லேத்தில் கடைந்து மெலிதாக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அது எப்படி? லித்தியம் பற்றரி? முன்கண்ணாடிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்? கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளையம், ரோல் பார், கட்டாயம் போட வேண்டும் என்பது தெரியும், ஆனால் கழற்றியதையெல்லாம் அது திரும்பக் கொண்டுவந்துவிடுமே என்று யோசனையாக இருக்கிறது.


தெமட்டகொட லேத்:

பிளைவீல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இது என் தொழில்.

சுழலுகிற எடையும் சும்மா இருக்கிற எடையும் ஒன்றல்ல. பிளைவீல் சில்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்கிறது, அதைச் சுழற்றவும் இஞ்சின்தான் வலு கொடுக்க வேண்டும். எத்தனை மடங்கு என்பது கியரைப் பொறுத்தது, கணக்கில் அது வர்க்கமாக வரும். உங்கள் காரில் முதல் கியரின் விகிதம் 3.2, பின் அக்சிலின் விகிதம் 3.9 என்று எடுத்தால் பெருக்கி 12.5, அதன் வர்க்கம் 156. பிளைவீலின் வெளி ஓரத்தில், மையத்திலிருந்து 12 சென்றிமீற்றர் தள்ளி 4 கிலோவை எடுத்தால், 28 சென்றிமீற்றர் ஆரமுள்ள சில்லோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், முதல் கியரில் அது காரிலிருந்து 110 கிலோவுக்கு மேல் எடுத்ததற்குச் சமம். இரண்டாம் கியரில் 40 கிலோ. நாலாம் கியரில் 11 கிலோதான். மகாகஸ்தோட்டை மாதிரி முதல், இரண்டாம் கியரில் வளைவிலிருந்து வளைவுக்குப் பாய்கிற இடத்தில் இதைவிடப் பெரிய இலாபம் வேறெதிலும் இல்லை. கட்டுகுருந்தயின் நீண்ட நேர்பாதையில் பெரிதாகத் தெரியாது. எடுப்பதென்றால் வெளி ஓரத்தில்தான் எடுக்க வேண்டும், மையத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் எடை குறையும், பலன் வராது, பலவீனம் மட்டும் வரும்.

ஆனால் பழைய பிளைவீலைக் கடைவதை நான் செய்ய மாட்டேன், என்னிடம் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புவேன். ஐம்பது வருடம் கிளட்ச் சூட்டைக் குடித்த இரும்பு அது, மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. 6,000 ஆர்பிஎம்மில் வெடித்தால் துண்டுகள் உங்கள் காலைத் தாண்டித்தான் வெளியே போகும், இடையில் இருப்பது மெல்லிய தகடு. உங்கள் காரில் இருக்கிற ஏ சீரிஸ் இஞ்சினுக்கென்றே ஸ்டீலில் செய்த இலேசான பிளைவீல் இங்கிலாந்தில் புதிதாக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வந்ததும் கிராங்கோடும் கிளட்ச் கவரோடும் சேர்த்து பலன்ஸ் பண்ண வேண்டும், அதற்குக் காசு பார்க்கக் கூடாது. ஐடிலிங் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டி வரும், கிளட்ச் விடும்போது கால் கவனம் வேண்டும், வீதியில் ஓட்ட முடியாத அளவுக்குப் போகாது.

சில்லுகளுக்கும் இதே கதைதான், இவ்வளவு பெரிய பெருக்கம் இல்லை. டயரில் ஒரு கிலோ குறைந்தால் முடுக்கத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ குறைந்த மாதிரி. அதோடு அது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை, மேடு பள்ளத்தில் சில்லு நிலத்தோடு ஒட்டி நிற்க உதவும். 13 அங்குல அலோய் சில்லு இலேசானதாகப் பார்த்து வாங்குங்கள், வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே நிறுத்துப் பாருங்கள், ஏனென்றால் அழகாக இருக்கும் அலோய் சில இரும்புச் சில்லைவிடக் கனம். அகலமான டயர் போட்டால் அந்த இலாபம் திரும்பப் போய்விடும். 65 குதிரைவலு காருக்கு 165 போதும், நான் 155 என்றே சொல்வேன்.


நீர்கொழும்பு ஃபைபர்:

பொனட் பிரயோசனம்தான். எடை இரும்புப் பொனட்டில் பாதிக்கும் கீழேதான் வரும், அதோடு அந்த எடை போவது முன் அக்சிலுக்கு மேலே உயரத்திலிருந்து, அதனால் வளைவில் திரும்புவதிலும் தெரியும்.

கொழும்பில் கார் பாகம் செய்கிறோம் என்று சொல்கிறவர்களைவிட, நீர்கொழும்பு, பேருவளைப் பக்கம் மீன்பிடிப் படகு செய்கிற பட்டறைகளில் ஃபைபர் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே தெளிவாகக் கதைக்க வேண்டும். படகுக்குப் போடுகிற பழக்கத்தில் கண்ணாடியிழைப் பாயைப் பாய் மேல் பாயாக அடுக்கிவிடுவார்கள், அப்போது இரும்பைவிடக் கனமாக வந்து நிற்கும். 450 கிராம் பாய் இரண்டு அடுக்கு, உள்பக்கம் ஃபோம் வைத்து எழுப்பிய விலா எலும்புகள், ஓரங்களிலும் கீல் வரும் இடத்திலும் மட்டும் கூடுதல் அடுக்கு, இவ்வளவுதான். ரெசினை உருளையால் நன்றாக அழுத்திப் பிழிந்து எடுக்கச் சொல்லுங்கள், கனம் பாயில் இல்லை, தேவைக்கு மேல் தேங்குகிற ரெசினில்தான். மழை நாளில் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள், ஈரப்பதம் கூடினால் ரெசின் ஒழுங்காக இறுகாது.

உங்கள் பொனட்டிலிருந்தே அச்சு எடுக்கலாம், மெழுகு நன்றாகப் பூசினால் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. தீப்பிடிக்காத வகை ரெசின் கேளுங்கள், கொஞ்சம் விலை கூட, ஆனால் அதற்குக் கீழே இரண்டு கார்பரேட்டர் இருக்கிறது. மிட்ஜெட்டில் பொனட்டின் கீல் பின்பக்கம் இருக்கிறது, ஆகவே முன்லொக் விட்டால் காற்று அதைத் தூக்கி உங்கள் முகத்தில் அடிக்கும். பழைய லொக்கை நம்ப வேண்டாம், முன்னால் இரண்டு பொனட் பின் (pin) பூட்டுங்கள், விலா பலமாக இல்லாவிட்டால் நாலு.

முன்கண்ணாடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொலிகார்பனேட் கண்ணாடியில் பாதி எடைதான். ஆனால் வைப்பர் ஓடினால் கீறும், நம்முடைய வெயிலில் மஞ்சளாகும், பெற்றோல் பட்டால் மங்கும். வீதியிலும் ஓட்டுகிற காருக்கு நல்லதல்ல, கண்ணாடியையே விட்டுவிடுங்கள். பெர்ஸ்பெக்ஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம், அது கூரான துண்டுகளாக உடையும்.


ஹட்டன்பக்கம்:

மலையகத்துப் போட்டிகளில் முதலுதவிக் குழுவோடு நிற்பவள் நான், ஓட்டுநர் அல்ல. அதனால் ரோல் பாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி, இதை எடைக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

கூரையில்லாத கார் கவிழ்ந்தால் முதலில் நிலத்தில் படுவது ஓட்டுகிறவரின் தலை. முன்கண்ணாடிச் சட்டம் தாங்காது. ஆகவே எடையைக் கழற்றுவதே ரோல் பாருக்கு இடம் எடுப்பதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏயின் விதியில் பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 தடிப்பும், அல்லது 50 விட்டமும் 2 தடிப்பும் உள்ள, மூட்டு இல்லாமல் இழுத்த ஸ்டீல் குழாய் என்று இருக்கிறது. 45 குழாய் மீற்றருக்கு 2.6 கிலோ. வளையமும் பின்தாங்கி இரண்டும் குறுக்குக் கம்பியும் சேர்த்து ஆறேழு மீற்றர் வரும், அடித்தகடுகளோடு 20 கிலோ. கழற்றிய 70 இல் 50 உங்களிடம் மிச்சம் இருக்கிறது. அந்த இருபதைக் குறைக்கலாம் என்று ஹார்ட்வெயார் கடையில் ஜீஐ தண்ணீர்க் குழாயை வளைத்துப் போடுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்தக் குழாயில் நீளத்துக்கு ஒரு மூட்டு இருக்கிறது, அடி பட்டால் அந்த மூட்டில் பிளக்கும்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டு சீட்டில் பெல்ட் கட்டி உட்கார்ந்து, வளையம் தலைக்கு மேலே வருகிறதா என்று பாருங்கள். மிட்ஜெட்டில் உயரமானவர்களுக்குக் கடையில் விற்கும் அழகு ரோல் பார் தலைக்குக் கீழேயே நிற்கும். அடித்தகடு துருப்பிடித்த தரையில் பூட்டினால் பிரயோசனமில்லை, அந்தத் தகடு வேலையை முதலில் முடியுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டுகிற இடத்தில், உலோகப் பட்டியோடு. பற்றரியை வெளியிலிருந்து துண்டிக்கிற சுவிட்ச் ஒன்று.

2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் பாதையை விட்டு விலகி ஏழு பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பழைய கார் என்று பரிசோதகர்கள் இரக்கம் காட்ட வேண்டும் என எதிர்பார்க்காதீர்கள், காட்டவும் கூடாது. போட்டி விதிமுறைப் பத்திரம் வந்ததும் உங்கள் பிரிவுக்குக் குறைந்தபட்ச எடை இருக்கிறதா, எதெதைக் கழற்ற விடுகிறார்கள் என்று வாசித்துவிட்டு மிச்ச வேலையைத் தொடங்குங்கள்.


நாலாம்குறுக்கு:

அக்கா சொன்னதற்கு மேல் ரோல் பாரில் சொல்ல ஒன்றுமில்லை. தம்பியின் பட்டியலைப் பார்த்தேன், அழகான வேலை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், நீங்கள் எடுத்த 70 கிலோவில் பெரும்பகுதி காரின் பின்பாதியிலிருந்து. ஸ்பெயார் சில்லு, ஹூட், பின் பம்பர், அதோடு டாங்கியில் பெற்றோலும் குறைவு. பின்பக்கம் ஒரு சென்றிமீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கும். அளந்து பாருங்கள்.

இதில் ஆபத்து பிரேக்கில்தான். மிட்ஜெட்டில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், இரண்டுக்கும் அழுத்தம் பிரித்துக் கொடுக்கிற வால்வு எதுவும் இல்லை. தொழிற்சாலை அந்த டிரம்மைக் கணக்குப் போட்டது ஸ்பெயார் சில்லும் சாமான்களும் இருக்கிற பின்பக்கத்துக்கு. இப்போது அது இலேசாகிவிட்டது, பிரேக்கை அழுத்தினால் பின்சில்லு முதலில் பூட்டும், அதாவது சுழலாமல் வழுக்கும், வளைவுக்குள் நுழையும்போது பூட்டினால் கார் சுழன்றுவிடும். பின்குழாயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்று போடலாம், அல்லது பின்பக்கத்துக்குச் சிறிய விட்டமுள்ள வீல் சிலிண்டர் போடலாம். எதைப் போட்டாலும் முதல் ஓட்டத்தைக் காலியான திறந்த இடத்தில் ஓட்டி, முன்சில்லு முதலில் பூட்டுகிற அளவுக்குச் சரிசெய்த பிறகுதான் மலைக்குப் போக வேண்டும். ரோல் பார் பூட்டிய பிறகு இதைச் செய்யுங்கள், ஏனென்றால் அந்த 20 கிலோ பின்பக்கத்துக்கு வருகிறது, கணக்கு மாறும்.

பற்றரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் காரில் இன்னும் டைனமோ என்றால் லித்தியம் வேண்டாம், அந்தப் பழைய ரெகுலேட்டர் கொடுக்கிற மின்னழுத்தம் அதற்குச் சரிவராது, கெட்டுப்போகும், தீயும் பிடிக்கலாம். சின்ன சீல் பண்ணிய பற்றரி ஒன்று போதும், அதிலேயே ஆறேழு கிலோ மிச்சம். பிறகு எப்போதாவது பஞ்சிகாவத்தையில் சுசுகி ஆல்டோவின் ஆல்டர்னேட்டர் ஒன்றை எடுத்து மாற்றினால் அப்போது லித்தியத்தைப் பற்றி யோசிக்கலாம். அந்த ஆல்டர்னேட்டர் டைனமோவைவிட இலேசு, அதுவே ஒரு இலாபம்.

நாலு சில்லிலும் தனித்தனியாக எவ்வளவு எடை நிற்கிறது என்று பார்க்கவும் அதே தராசு உதவும். ஒரு சில்லைத் தராசில் ஏற்றும்போது மற்ற மூன்றையும் தராசின் உயரத்துக்குப் பலகை வைத்து மட்டமாக்க வேண்டும், நீங்கள் சீட்டில் இருக்க வேண்டும். குறுக்கு மூலைகள் இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட சமமாக வர வேண்டும். பக்கத்து சீட்டை எடுத்துவிட்டதால் உங்கள் பக்கம் கனமாகத்தான் இருக்கும். சின்னப் பற்றரி போடும்போது அதை டிக்கிக்குள் இடது பக்கமாக இறுக்கிப் பூட்டினால் அது கொஞ்சம் ஈடாகும், கேபிள் மட்டும் தடிப்பானதாகப் போட வேண்டும், அதுவும் எடைதான்.


வெள்ளவத்தை1275:

எல்லோரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வேலையை இப்படி வரிசைப்படுத்தியிருக்கிறேன்: அடித்தட்டுத் துருவுக்குத் தகடு, பிறகு ரோல் பார், பிறகு பின்பிரேக் வால்வு, அதற்குப் பிறகு காசு இருந்தால் ஸ்டீல் பிளைவீல். பொனட் கடைசி. முன்கண்ணாடியைத் தொடவில்லை.

தெமட்டகொட அண்ணா, பிளைவீலை எடுப்பதற்கு இஞ்சினைக் கழற்ற வேண்டுமே, அப்போது கிளட்சும் புதிதாகப் போட்டுவிடவா? பழைய பிளேட் இன்னும் நன்றாகத்தான் பிடிக்கிறது.


தெமட்டகொட லேத்:

போடுங்கள். மிட்ஜெட்டில் கிளட்சுக்குக் கை போக இஞ்சினைத் தூக்கியே ஆக வேண்டும், திரும்ப அதே வேலையைச் செய்ய வேண்டாம். ரிலீஸ் பெயரிங்கையும் அப்போதே மாற்றுங்கள், மிட்ஜெட்டுக்கு வருவது கார்பன் வகை, கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கோட்டில் காத்து நின்றால் சீக்கிரம் தேயும். பலன்ஸ் பண்ணுவதற்குக் கிராங், புதிய பிளைவீல், புதிய கவர் மூன்றையும் ஒன்றாகக் கொண்டு வாருங்கள், தனித்தனியாகக் கொண்டுவந்தால் நான் செய்ய மாட்டேன்.